அண்ணாச்சிக்கு என் கை வந்த கதை

நான் ஓய்வுபெற்ற நாளில் தொழிற்சாலையில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்டு, ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் கையில் கொடுத்தார்கள். "யக்கா, சர்ச்சுக்குப் போற வேதக்காரிக்குக் குத்துவிளக்கா?" என்று பக்கத்தில் இருந்த பாத்திமா காதைக் கடித்தாள். கடையில் வாங்கி வந்தவர் யோசித்திருக்க மாட்டார். வீட்டில் அது அழகாகத்தான் இருக்கிறது. பிறகு மைக்கை நீட்டினார்கள். நான் "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் என் பேச்சைவிட நீளமாக இருந்தது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் விடவில்லை. "பேச வராட்டி எழுதிக் குடுங்கக்கா, ஆண்டு மலர்ல போடுதோம். அண்ணாச்சி கதைய நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றார்கள். எழுதுவது எனக்குப் பரவாயில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அண்ணாச்சி என்பது மனிதர் அல்ல. எங்கள் தொழிற்சாலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் ரோபோ. வெள்ளை நிறத்தில் ஒற்றைக் கை, அதன் நுனியில் உறிஞ்சிப் பிடிக்கும் நான்கு ரப்பர்க் கிண்ணங்கள், கூடவே ஒரு கேமரா. வந்த புதிதில் எந்தப் பொருளையும் அது உடனே எடுத்து வைக்காது. தூக்கும், கேமராவுக்கு நேரே காட்டும், கொஞ்சம் திருப்பும், மறுபடியும் காட்டும், அதற்குப் பிறகுதான் வைக்கும். டவுணில் ஜவுளிக்கடைக் கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது போல இருக்கும். பாத்திமாதான் முதல்நாளே "அண்ணாச்சி" என்று பெயர் வைத்தாள். அதன் பிறகு அதன் உண்மையான பெயரை யாராவது சொன்னால் எங்களுக்குப் புரியாது.

என் பெயர் எஸ்தர். பாளையங்கோட்டையில் பிளஸ் டூ வரை படித்தேன். மின்சாரப் பொருள்களுக்குச் சின்னச் சின்ன உறுப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருஷம் இருந்தேன். அது மூடப்பட்ட சமயத்தில், கங்கைகொண்டான் பக்கம் ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்கு ஒரு பிரிவு தொடங்குகிறார்கள், கை நடுங்காத பெண்கள் வேண்டும் என்றார்கள். போனேன். எதிரில் அந்தப் பிரிவின் பொறுப்பாளர் சங்கரலிங்கம் சார் உட்கார்ந்திருந்தார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய தாள்களை ஒரு கத்தையாகக் கொடுத்து, சுருக்கம் விழாமல் பிரிக்கச் சொன்னார். பிரிக்கும்போதே ஊர், குடும்பம், முந்தின வேலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. தாள்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன.

"பேச்சு வரல, கை வருது. அது போதும்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்.

சார் வெளிநாட்டில் படித்து அங்கேயே பெரிய வேலையில் இருந்தவர். செய்தால் திருநெல்வேலியில்தான் செய்வேன் என்று பிடிவாதமாகத் திரும்பி வந்தார். எங்கள் தலைமை ஆலை வடக்கே இருக்கிறது. அங்கிருந்து பேசுகிறவர்கள் "அல்வா கிண்டுற ஊர்ல ஹைட்ரஜனா?" என்று அவரைச் சீண்டுவார்கள். அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், மரியாதை கூடிவிடும். "சாப்பிட்டாச்சா?" என்று ஒரு முறை கேட்டால் சாதாரணமாகக் கேட்கிறார் என்று அர்த்தம். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்டால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. மூன்றாவது முறையும் கேட்டுவிட்டால் கேட்கப்பட்டவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் விட்டால், நடுவில் உள்ள ஜவ்வு அவை இரண்டையும் நேராகக் கலக்க விடாமல் மின்சாரமும் கொஞ்சம் தண்ணீரும் வர வைக்கும். அந்த ஜவ்வுக்கு மெம்பரேன் என்று பெயர். ஒரு ஜவ்வில் வரும் மின்சாரம் ஒன்றுக்கும் காணாது. அதனால் கரி நிறத்தில் ஒரு தட்டு, அதன் மேல் மெம்பரேன், அதன் மேல் மறுபடி தட்டு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். தட்டின் ஓரம் முழுக்கக் கோலமாவு இழை போல மெல்லிசாக ஒரு ரப்பர்க் கோடு ஓடும். அதுதான் கேஸ்கட். வாயு வெளியே போகாமல் அடைப்பது அதுதான். அடுக்கி முடித்து, மேலும் கீழும் கனமான பலகை வைத்து, போல்ட்டால் இறுக்கினால் அது ஒரு ஸ்டாக். முதலில் இதையெல்லாம் நாங்கள் பெண்கள் கையால்தான் அடுக்கினோம்.

அடுக்கும் அறைக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. வெளி அறையில் செருப்பைக் கழற்றி, மரப்பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்து, வேறு செருப்பு போட வேண்டும். தலைக்கு உறை, வாய்க்கு உறை, கழுத்து வரை மூடிய வெள்ளை அங்கி, கடைசியாகக் கையுறை. பூ கூடாது, பவுடர் கூடாது, தேங்காய் எண்ணெய் வழியும் தலை கூடாது. இந்தச் சட்டத்தால் மற்ற எல்லோரையும்விடக் கஷ்டப்பட்டவர் சட்டம் போட்ட சார்தான். அவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிற சைவக் குடும்பத்தவர். உள்ளே போகும்போது ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார். வெளியே வந்ததும் அலமாரியில் வைத்திருக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பூசிக்கொள்வார். ஒரு நாளைக்குப் பலமுறை இது நடக்கும்.

"சாருக்கு மட்டும் ஒரு நாள்ல அத்தன தடவ விடியுது" என்பாள் பாத்திமா. அவள் மேலப்பாளையத்துக்காரி. என்னோடு எதிர் மேசையில் அடுக்குகிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அடுக்கின ஸ்டாக்குக்கு லீக் டெஸ்ட் உண்டு. ஹைட்ரஜனுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. "இத மாதிரி வெக்கங்கெட்ட வாயு உலகத்துல இல்ல. எந்த இடுக்கு கெடச்சாலும் நுழைஞ்சிரும். நம்ம எஸ்தரம்மாவுக்கு நேர் எதிர்" என்று சார் எல்லோர் முன்னாலும் சொல்வார். நான் கீழே பார்த்துக்கொள்வேன். சோதனைக்கு முதலில் ஹைட்ரஜனை விட மாட்டோம், ஆபத்தில்லாத நைட்ரஜனைத்தான் விடுவோம். பையப் பைய ஏற்றி, அழுத்தம் வந்ததும் வால்வை மூடிவிட்டு, அழுத்தமானியில் உள்ள முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முள் நின்ற இடத்தில் நின்றால் ஸ்டாக் நல்லது. இறங்கினால் எங்கேயோ ஓட்டை. அந்த நேரத்தில் சார் பேச மாட்டார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, முள்ளுக்கு வணக்கம் சொல்கிற மாதிரி லேசாகக் குனிந்து நிற்பார். சோதனை முடிகிற வரை அந்த முதுகு நிமிராது.

ரோபோ வருகிறது என்ற செய்தி வந்தபோது, எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சிலர் பயந்தார்கள். சார் எங்களைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"யாரையும் அனுப்ப மாட்டேன். அதுக்குத் தட்டு குடுக்கவும், அது செஞ்சதப் பாக்கவும் நீங்கதான் வேணும். ஆனா இன்னொண்ணையும் சொல்லிருதேன். இங்கன இந்த மெஷின் வரிச ஒழுங்கா ஓடணும். மேல இருந்து வந்து பாப்பாங்க. ஸ்டாக் லீக் இல்லாம நின்னா இதே எடத்துல பெருசாக்குவாங்க. நிக்கலன்னா மெஷினக் கழட்டி வடக்க கொண்டு போயிருவாங்க. அப்ப நானும் போகணும். நீங்க எங்க போவீயன்னு எனக்குத் தெரியாது."

அன்றைக்கு அவர் யாரிடமும் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை.

ரோபோவுக்கு வேலை சொல்லிக்கொடுக்கப் பிரபு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ரோபோவுக்குக் கட்டளை எழுதுகிற என்ஜினியர். எதற்கும் "சரிங்க" போடுகிறவர். நன்றாக அடுக்குகிற ஒருவரின் கையைப் படம் பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்து ரோபோவுக்கு எழுதலாம் என்று திட்டம் போட்டார். யார் கை என்று கேட்டதற்குச் சார் யோசிக்காமல் என்னைக் காட்டினார்.

என்னைக் கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பதே கஷ்டம். என் கல்யாணப் படத்திலேயே நான் பாதி என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால்தான் இருக்கிறேன். இங்கே மேசைக்கு மேலே ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே விளக்கு. சுற்றிலும் ஆட்கள்.

"எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க்கா. கேமரா இருக்கறதையே மறந்துருங்க" என்றார் பிரபு.

அப்படி ஒருவர் சொன்ன பிறகு அதை எப்படி மறப்பது? ஆனாலும் அடுக்கினேன். தட்டு, மெம்பரேன், தட்டு, மெம்பரேன். முடியும் வரை நிமிரவில்லை. எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

மறுநாள் பிரபு அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். என்னிடம் வந்து, "அக்கா, ஒவ்வொரு தட்டு வெச்சதும் வலது மூலையில ரெண்டு வெரலால ஒரு அழுத்து அழுத்தறீங்கல்ல. அது தட்ட உக்கார வெக்கறதுக்குங்களா?" என்று கேட்டார்.

அவர் எதைச் சொல்கிறார் என்றே எனக்கு அப்போது தெரியவில்லை. எதிரில் நின்று ஒரு என்ஜினியர் கேள்வி கேட்டால் எனக்கு ஒரே பதில்தான் வரும். தலையை ஆட்டினேன். அவர் "சரிங்க" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சி வேலையைத் தொடங்கியது. முதலில் தடுமாறி, இரண்டு மெம்பரேனைச் சேர்த்துத் தூக்கி, ஒரு தட்டை உடைத்து, பிறகு பழகிக்கொண்டது. நாங்கள் தட்டுகளைத் துடைத்து வரிசையாக வைப்போம், அது எடுத்து அடுக்கும். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் லீக் டெஸ்ட்டில் முள் இறங்கியது. ஒரு ஸ்டாக் நின்றால் அடுத்தது இறங்கும். கையால் அடுக்கிய காலத்தில் இப்படி நடந்ததில்லை.

சார் முதலில் கேஸ்கட்டைச் சந்தேகப்பட்டார். வேறு கேஸ்கட் வந்தும் முள் இறங்கியது. பிறகு தட்டுகளைச் சந்தேகப்பட்டார், அவற்றை அளந்து பார்த்தால் சரியாக இருந்தன. சாரல் காலம் என்பதால் காற்றில் ஈரம் கூடி மெம்பரேன் உப்புகிறதோ என்று அறையின் ஈரத்தைக் குறைத்துக் குறைத்து, எங்கள் உதடெல்லாம் வெடித்ததுதான் மிச்சம். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. மேலிடத்திலிருந்து பார்க்க வருகிற நாளும் குறித்தாகிவிட்டது. சார் பிரபுவிடம் ஒரே காலையில் மூன்று முறை சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டார். கோயம்புத்தூர்க்காரருக்கு அதன் அர்த்தம் தெரியாததால், "சாப்ட்டனுங்க சார், இங்கத்த சொதி ரொம்ப நல்லாருக்குங்க" என்று மூன்று முறையும் விளக்கமாகப் பதில் சொன்னார். நாங்கள் வாய் உறைக்குள்ளேயே சிரித்தோம்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள், பழுது பார்க்க வேண்டும் என்று பிரபு அண்ணாச்சியை மிக மெதுவாக ஓடவிட்டார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அது தட்டை வைத்தது. கை சற்று மேலே போய், வலது மூலைக்கு வந்தது. அதன் ஓரத்தில் இருந்த ரப்பர் முனை இறங்கி மூலையை அழுத்தியது. கொஞ்சம் நின்றது. விலகியது.

"பாத்தீங்களாக்கா? இது உங்க ஸ்டெப்பு. கார்னர் சீட்டிங்னு பேர் வெச்சிருக்கேன். ரிப்போர்ட்லகூடத் தனியா எழுதி அனுப்பியாச்சுங்க" என்றார் பிரபு பெருமையாக.

அது தட்டை உட்கார வைப்பதற்கு அல்ல. அது ஸ்தோத்திரம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் எதைச் செய்து முடித்தாலும் ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கம் உண்டு. ஆண்டவருக்கு நன்றி என்று அர்த்தம். உலையை இறக்கினால் ஸ்தோத்திரம், பஸ்ஸில் இடம் கிடைத்தால் ஸ்தோத்திரம். எனக்கு அதைச் சத்தமாகச் சொல்லவும் கூச்சம். அதனால் சின்ன வயதிலிருந்தே இரண்டு விரலால் அந்தப் பொருளை லேசாகத் தொட்டு மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். தட்டுகளுக்கும் அப்படித்தான். இது ஒழுகாமல் இருக்கட்டும், ஸ்தோத்திரம். தொட்டதே தெரியாது. மூலையில்தான் தொடுவேன் என்றும் இல்லை, விரல் எங்கே பட்டதோ அங்கே. ஆனால் கேமரா முன்னால் இருந்த பயத்தில் அன்றைக்கு என் ஸ்தோத்திரம் கொஞ்சம் பலமாகவும், ஒவ்வொரு முறையும் ஒரே மூலையிலும் விழுந்திருக்கிறது. அண்ணாச்சி அதைத்தான் படித்துக்கொண்டது.

சாப்பாட்டு நேரத்தில் பாத்திமாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சோற்றுக் கையோடு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தால் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்ப அண்ணாச்சி எப்பவோ உங்க வேதத்துல சேந்துட்டாருன்னு சொல்லுங்க."

"சிரிக்காத பாத்திமா."

"நல்லவேள என்னையப் படம் புடிக்கல யக்கா. நானும் பிஸ்மி சொல்லித்தான் ஒவ்வொண்ணயும் எடுப்பேன். ஆனா எங்க பிஸ்மி வாய்க்குள்ள இருக்கு. கேமரா கையத்தான பாக்கும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "லீக்கு இதனாலதான் வருதா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? இருந்தாலும் இருக்கும்."

"அப்ப சார்ட்ட சொல்லுங்க."

"என்னன்னு சொல்லுவேன்? ரிப்போர்ட்டெல்லாம் அனுப்பிட்டாங்களாம். பெரிய பேரெல்லாம் வச்சிருக்காங்க."

"மெஷினு வடக்க போயிட்டா நம்ம ரெண்டு பேரும் பொட்டணம் மடிக்கப் போகலாம். சொல்லுதீயளா, நான் போய்ச் சொல்லட்டுமா? நான் சொன்னா எப்பிடிச் சொல்லுவேன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். அவள் சொன்னால் கதை கங்கைகொண்டானில் தொடங்கி ஏரல் வரை போயிருக்கும். நானே போனேன்.

அன்று மாலை சார் வெளி அறையில் இருந்தார். அங்கியைக் கழற்றி முழங்கையில் போட்டுக்கொண்டு, விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று விரலில் எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோகிற நேரம். நான் மரப்பலகைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"என்ன எஸ்தரம்மா?"

"சார். அந்த மூல அழுத்துறது."

"ஆமா, கார்னர் சீட்டிங்."

"அது அது இல்ல சார்."

"எது எது இல்ல?"

அவர் விரலில் இருந்த விபூதியைப் பார்த்தேன். அதையே உதாரணமாகப் பிடித்துக்கொண்டேன். "சார், நீங்க இப்ப பூசுதீயல்லா. அது மாதிரி சார் அது."

சார் விபூதியோடு நின்ற கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் முகத்தில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"அப்பம் நம்ம மெஷினு தட்ட உக்கார வைக்கல."

"இல்ல சார்."

"என்னதான் செய்யுது?"

"ஜெபம் பண்ணுது சார்."

விபூதி சாரின் விரலிலிருந்து முழங்கையில் கிடந்த அங்கியின் மேல் உதிர்ந்தது. சுத்த அறைக்குள் போட்டுக்கொள்ளும் அங்கி அது. அதை அவர் கவனிக்கவே இல்லை. "வே பிரபு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவர் பிரபுவை "வே" போட்டு நெருங்கின மனுஷரைப் போலக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. "இங்கன வாரும். ஒரு கதை கேக்கணும்."

பிரபு கேட்டார். முகம் சிவந்துவிட்டது. "அக்கா, நான் கேட்டப்ப தலைய ஆட்டுனீங்களே" என்றார் பாவமாக.

"எஸ்தரம்மா எதுக்குத்தான் தலைய ஆட்டல? நீரு அன்னைக்கி இது பரதநாட்டியமான்னு கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாங்க" என்றார் சார். உடனே குரல் மாறியது. "இதான் காரணம்னு இன்னும் சொல்ல முடியாது. பாத்துருவோம்."

லீக் ஆன ஒரு ஸ்டாக்கைப் பிரித்தார்கள். ஒவ்வொரு தட்டின் வலது மூலையையும் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கேஸ்கட் கோட்டில், ஒரே இடத்தில், நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பள்ளம். ஒரு தட்டில் அது இருந்தால் இறுக்கும்போது மூடிக்கொள்ளும். எல்லாத் தட்டிலும் ஒன்றன் நேர் கீழே ஒன்றாக இருந்ததால், அந்த மூலை முழுக்கவே இறுக்கம் குறைந்துவிட்டது. வாயு அந்த வழியாகப் போயிருக்கிறது. மனுஷி கையால் செய்தால் விரல் ஒரே இடத்தில் இரண்டு முறை படாது. அண்ணாச்சிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒரு மயிரிழை தவறாமல் அதே இடத்தில் ஸ்தோத்திரம் செய்திருக்கிறது.

சார் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "பக்தில ஒழுங்கு கூடிப் போச்சு" என்றார்.

பிரபு அந்த அசைவை எடுத்துவிட்டார். லீக் நின்றது. ஆனால் வேறொரு வம்பு வந்தது. தட்டு வைத்த உடனே அண்ணாச்சி அடுத்த மெம்பரேனைக் கொண்டுவந்ததால், கீழே இருந்த மெம்பரேன் அடியில் கொஞ்சம் காற்று தங்கி, வழுக்கி, ஓரம் விலகியது. மூலையை அழுத்திய அந்தக் கொஞ்ச நேரத்தில் காற்று தானாக வெளியேறி மெம்பரேன் படிந்திருக்கிறது. அந்த நிறுத்தம் தேவை, தொடுவது மட்டும்தான் வேண்டாம் என்பது அப்போது தெரிந்தது. பார்க்க வருகிறவர்கள் வர மிகக் குறைந்த நேரமே இருந்தது. புதிதாக எழுதிச் சோதிக்க அவகாசம் இல்லாததால் பிரபு எளிய வழியைப் பிடித்தார். பழைய அசைவை அப்படியே திரும்பப் போட்டு, உயரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார். அண்ணாச்சி தட்டை வைக்கும், மூலைக்கு வரும், தொடாமல் மேலேயே கொஞ்சம் நிற்கும், பிறகு போகும்.

பாத்திமா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் யக்கா அசல் நீங்க. பக்கத்துல வரும், ஒண்ணும் சொல்லாது, போயிரும்" என்றாள்.

மேலிடத்திலிருந்து ஒரு மேடம் தலைமையில் வந்தார்கள். மேடம் சென்னையில் பிறந்தவர், தமிழ் பேசுவார், சிரிக்க மாட்டார். தன் கண்முன்னால் அடுக்கப்படும் ஸ்டாக்கைத்தான் சோதிப்பேன் என்றார். அண்ணாச்சி அடுக்கத் தொடங்கியது. மேடம் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கி நின்று பார்த்தார்.

"ரிப்போர்ட்ல கார்னர் சீட்டிங்னு படிச்சேன். ஆனா இது தொடவே இல்லையே. சும்மா அங்க வந்து நிக்குது. எதுக்கு?"

பிரபு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பினார். "இது இவங்க கையப் பாத்து எழுதினது மேடம். இவங்களே சொல்லட்டும்."

இவ்வளவு வருஷத்தில் அவர் எனக்குச் செய்த ஒரே கொடுமை அதுதான். எல்லா முகமும் என்னைப் பார்த்தன. மெஷின் போய்விட்டால் இந்த மனுஷனும் போய்விடுவார் என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. அதனால் பேசினேன்.

"முதல்ல தொட்டது மேடம். தொட்டா கேஸ்கட்ல பள்ளம் விழுந்து ஒழுகுச்சு. அதனால இப்ப தொடாம நிக்குது. நிக்குற நேரத்துல அடியில இருக்க காத்து போயிரும். மெம்பரேன் அடங்கிரும்."

"நீங்க கையால பண்ணும்போது இதுக்காகத்தான் நின்னீங்களா?"

இதற்குத் தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. "இல்ல மேடம். நான் அப்ப சாமிக்கு நன்றி சொல்லிட்டிருந்தேன்."

பாத்திமாவின் இருமல் சத்தம் கேட்டது. மேடம் என்னையே பார்த்தார். அவர் முகம் அசையவில்லை. "சரி. டெஸ்ட் பண்ணுங்க" என்றார்.

ஸ்டாக்கை இறுக்கி, நைட்ரஜனைப் பையப் பைய ஏற்றினோம். நானே வால்வை மூடினேன். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். மேடமும் பக்கத்தில் குனிந்தார். முள்ளின் முன்னால் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து நின்றதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகவும் பயமாகவும் இருந்தது. முள் நின்ற இடத்தில் நின்றது. குறித்த நேரம் முடிந்த பிறகும் மேடம், "இன்னும் கொஞ்சம் விடுங்க" என்றார். இன்னும் கொஞ்சம் விட்டோம். நின்றது. அடுத்த ஸ்டாக்கும் நின்றது.

போகும்போது மேடம் சாரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "இங்கயே இருக்கட்டும் சங்கரலிங்கம். ஆனா வடக்கு ஆலையில வைக்கப்போற மெஷினுக்கும் இதே ப்ரோக்ராம்தான் வேணும். ஒண்ணையும் மாத்தாம." சார் நெற்றியைத் தடவினார். விபூதி இல்லாத வெறும் நெற்றி.

வரிசை பெரிதானது. இன்றைக்கு உள்ளே நிற்கும் அண்ணாச்சிகளை எண்ணுவதைப் புதுப்பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். வடக்கே மெஷின் வைக்கப் பிரபு போயிருந்தார். அங்கிருந்து ஒரு மதியம் எனக்குப் போன் வந்தது. பின்னால் ஏதோ மொழியில் ஒருவர் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க ஒருத்தரு சண்டைக்கு வர்றாருங்க. மெஷினு தட்டுக்குத் தட்டு நிக்கறதால நேரம் போகுதாம். அந்த நிறுத்தத்தப் பாதியாக் கொறைக்கச் சொல்றாரு. எதுக்கு நிக்குதுன்னு கேக்கறாரு. காத்து, மெம்பரேன்னு சொல்லியாச்சு, கேக்க மாட்டேங்கறாரு. என்ன சொல்லட்டுங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஸ்தோத்திரம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பாதியில் நிறுத்த முடியாது.

"ஒண்ணும் சொல்லாண்டாம் தம்பி" என்றேன். "குறைக்க விடாதீங்க."